நோய் விடுப்பிலிருந்து திரும்புபவருக்கு எந்த வாரத்தில் கை கொடுப்பது?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் சில வருடம் வேலை பார்த்தேன். ரிங் ஃபிரேம் என்ற நூல் நூற்கும் மெஷினைப் பார்க்கும் சைடராக இருந்த ஒரு அண்ணன் முதுகுவலி என்று லீவில் போனார். மூன்று மாதம் கழித்து ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோடு வந்து நின்றார். அன்றைக்கு ராத்திரி ஷிஃப்டில் ஆள் குறைவு. லீவுக்கு முன்னால் எத்தனை சைடு (மெஷினின் ஒரு பக்கம்தான் ஒரு சைடு) பார்த்தாரோ அத்தனையையும் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். சைடர் வேலை பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஷிஃப்ட் முழுக்க மெஷின்களுக்கு நடுவில் நடை, அறுந்த இழையைக் குனிந்து எடுத்து ஒட்டுவது, மறுபடியும் நடை. ஒன்பதாம் நாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. கணக்கு முடிக்க அவர் மனைவிதான் வந்தார்.

அந்த மூன்று மாதத்தில் எங்கள் ஆபீசிலிருந்து அவருக்கு ஒரு ஃபோன்கூடப் போகவில்லை. யாருக்கும் அவர்மேல் கோபம் கிடையாது. உடம்பு முடியாமல் படுத்திருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்றுதான் விட்டோம். அப்படி விட்டது அவருக்கு எவ்வளவு கெடுதலாக முடிந்தது என்பது, பின்னால் நோய் விடுப்பிலிருந்து வேலைக்குத் திரும்புவதை ஆராயும் துறையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நோய் விடுப்பில் இருப்பவர் வேலைக்குத் திரும்ப நிறுவனம் பல வகையில் உதவலாம். நலம் விசாரிக்கலாம், பிசியோதெரபிக்கு ஏற்பாடு செய்யலாம், வேலை நேரத்தைக் குறைக்கலாம், தூக்குகிற வேலையை வேறொருவருக்கு மாற்றலாம், மேசையின் உயரத்தைச் சரிசெய்யலாம். எதைச் செய்வது என்பதைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். எப்போது செய்வது என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆனால் ஒரே உதவி இரண்டாம் வாரத்தில் வீணாகிறது, எட்டாம் வாரத்தில் பலன் தருகிறது, எட்டாம் மாதத்தில் பெரும்பாலும் எட்டாமலே போய்விடுகிறது.

முதல் நாளே எல்லாவற்றையும் செய்தால் என்ன?

சீக்கிரம் செய்தால் நல்லதுதானே என்று தோன்றும். முதுகுவலியையே எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிறவர்களை வீட்டில் உட்கார வைக்கும் காரணங்களில் அது முன்வரிசையில் இருக்கிறது, அதிகமாக ஆராயப்பட்டதும் அதுதான். திடீரென்று பிடித்துக்கொள்ளும் சாதாரண முதுகுவலி, பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆறு வாரத்திற்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மில்லில் வருடத்திற்கு 100 பேர் முதுகுவலி என்று லீவு போடுகிறார்கள், அவர்களில் 85 பேர் எந்த உதவியும் இல்லாமலே ஆறு வாரத்தில் திரும்பிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேரையும் முதல் வாரமே கூப்பிட்டு, மருத்துவர், மேலாளர், பிசியோதெரபிஸ்ட் என்று எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கொரு திட்டம் போடுகிறோம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 85 பேர் வேலையில் இருக்கிறார்கள். பிரமாதமான வெற்றி என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் அந்த 85 பேரும் எப்படியும் வந்திருப்பார்கள். உண்மையில் கை தேவைப்பட்டவர்கள் மீதி 15 பேர். அவர்களுக்கென்று செலவிட வேண்டிய நேரமும் பணமும் 100 பேருக்குப் பங்காகிக் கரைந்துபோனது.

வீண்செலவோடு போனால்கூடப் பரவாயில்லை. சாதாரண வலிக்கு முதல் வாரமே ஸ்கேன் எடு, கமிட்டி கூட்டு என்று ஆரம்பித்தால், "நமக்கு ஏதோ பெரிசா வந்துடுச்சு" என்ற பயம் அந்த ஆளின் மனதில் உட்கார்ந்துவிடும். பயந்தவர் குனிய மாட்டார், நடக்க மாட்டார், படுத்தே இருப்பார். முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வு நல்லதில்லை என்று மருத்துவ வழிகாட்டிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. (கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது போன்றவை இருந்தால் கதை வேறு. அதற்கு வாரக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

அப்படியானால் முதல் வாரங்களில் எதுவுமே செய்ய வேண்டாமா? ஒன்றே ஒன்று செய்ய வேண்டும், அதற்குக் காசும் செலவில்லை. அவரை நன்றாகத் தெரிந்த சூப்பர்வைசர் ஒரு ஃபோன் போட வேண்டும். "ஏனுங்கண்ணா, வலி இப்ப எப்படி இருக்குதுங்க? இங்க வேலையப் பத்தி நினைச்சுக் கவலைப்படாதீங்க, உங்க இடம் அப்படியேதான் இருக்கு. ஏதாவது வேணும்னா எனக்கே கூப்பிடுங்க." அவ்வளவுதான். "எப்ப வருவீங்க?" என்ற கேள்வி அந்த முதல் அழைப்பில் வரவே கூடாது. கேட்டால், விசாரிக்கவா கூப்பிட்டார் வேவு பார்க்கவா என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

தள்ளிப்போனால் என்ன ஆகும்?

முதுகுவலிக்காரர்களைப் பற்றி இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. ஆறு மாதம் வேலைக்கு வராமல் இருப்பவர் பழைய வேலைக்குத் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. ஒரு வருடம் ஆனால் கால்வாசி. இரண்டு வருடம் ஆகிவிட்டால் அநேகமாக இல்லை.

இந்தக் கணக்கை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆறு மாதம் கழித்தும் வீட்டில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆரம்பத்திலிருந்தே நோய் கடுமையாக இருந்திருக்கும். அதனால்தான் வரவில்லை, காலம் ஆனதால் அல்ல. ஆனாலும் காலம் தன் பங்குக்குச் செய்யும் சேதமும் இருக்கத்தான் செய்கிறது. நடமாட்டம் குறைந்தால் தசை தளர்ந்துபோகும். அவர் இடத்தில் போட்ட ஆள் அங்கேயே நிலைத்துவிடுவார். வீட்டில் கடன் ஏறும். விடியற்காலை ஷிஃப்டுக்கு எழுந்த உடம்பு பத்து மணிக்கு எழப் பழகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், "இனி நம்மால முடியுமா" என்ற சந்தேகம் வளர்ந்துகொண்டே போகும். மூன்று மாதம் பேசாதவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கூச்சம் வேறு. எங்கள் சைடர் அண்ணன் மில் வாசலுக்கு வந்து, வாட்ச்மேனிடம் மட்டும் பேசிவிட்டு ஒருமுறை திரும்பிப் போயிருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நடுவில் திறக்கும் வாசல்

மிகச் சீக்கிரமும் இல்லாமல் மிகத் தாமதமும் இல்லாமல் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி போன்றவற்றுக்கு அது சுமாராக நாலாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை. தானாகச் சரியாகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் திரும்பியிருப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் யார் என்று கண்ணுக்குத் தெரியும். அவர்களும் இன்னும் நம்பிக்கை இழந்திருக்க மாட்டார்கள்.

இதைச் செய்து காட்டிய இடம் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் ஷெர்புரூக். பாட்ரிக் லுவாசெல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் நடத்திய சோதனை 1997இல் வெளியானது. 31 பணியிடங்களைச் சேர்ந்த, முதுகுவலியால் நான்கு வாரத்திற்கு மேல் வேலைக்கு வராத 130 தொழிலாளர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொன்றுக்குக் கூடுதல் மருத்துவ மறுவாழ்வு உதவி. மூன்றாவதுக்குப் பணியிடத்தில் மாற்றம். நான்காவதுக்கு இரண்டும் சேர்த்து. பணியிட உதவியை ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் தொடங்கினார்கள், மருத்துவ மறுவாழ்வை எட்டாம் வாரத்தில். இரண்டும் கிடைத்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 2.4 மடங்கு வேகத்தில் தங்கள் வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, அந்தப் பலனில் பெரும்பங்கு பணியிடத்தில் செய்த மாற்றத்தால் வந்தது என்பதுதான். அந்த மாற்றம் மேலிருந்து வந்த உத்தரவாகவும் இல்லை. வேலையமைப்பு நிபுணர், தொழிலாளி, அவருடைய மேற்பார்வையாளர், நிர்வாகம், தொழிற்சங்கம் என எல்லோரும் அந்த மெஷின் பக்கத்திலேயே நின்று, எந்த அசைவு வலிக்கிறது, எதை மாற்றலாம் என்று பேசி முடிவெடுத்தார்கள். மாத்திரையும் பிசியோதெரபியும் உடம்பைத் தேற்றும். திரும்பி வந்து நிற்கப்போகும் இடம் பழையபடியே இருந்தால் வலியும் பழையபடியே திரும்பும்.

காலண்டரைச் சட்டமாக்கிய நாடுகள்

நல்லெண்ணத்தை நம்பி விட்டால் எங்கள் ஆபீசில் நடந்ததுதான் நடக்கும். அதனால் சில நாடுகள் வாரக் கணக்கையே சட்டத்தில் எழுதி வைத்துவிட்டன. எனக்குத் தெரிந்தவரை நெதர்லாந்து அளவுக்கு யாரும் இதை விரிவாக எழுதவில்லை.

அங்கே 2002இல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. ஊழியர் நோயில் விழுந்தால் ஆறாம் வாரத்திற்குள் தொழில்சார் மருத்துவர் பார்த்து, இவரால் எது முடியும், எது முடியாது, தடை எங்கே என்று எழுத வேண்டும். எட்டாம் வாரத்திற்குள் முதலாளியும் ஊழியரும் சேர்ந்து உட்கார்ந்து செயல்திட்டம் போட வேண்டும். பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். 42ஆம் வாரத்தில் அரசின் ஊழியர் காப்பீட்டு அமைப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒரு வருடம் முடியும்போது, இதுவரை போன பாதை சரிதானா என்று இருவரும் மதிப்பிட வேண்டும்.

முதலாளி ஏன் இவ்வளவும் செய்கிறார்? நோயுற்ற ஊழியருக்கு 104 வாரம் வரை குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை அவரேதான் கொடுக்க வேண்டும். தன் பங்கைச் சரியாகச் செய்யவில்லை என்று தெரிந்தால் அதற்கு மேலும் ஒரு வருடம் வரை சம்பளம் கொடுக்கச் சொல்லி அரசு உத்தரவிட முடியும். காலண்டரைப் பார்த்து நடக்க வைப்பது அந்தப் பணப் பொறுப்பு.

அந்த ஏற்பாட்டில் இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். ஊழியருக்கு என்ன நோய் என்று முதலாளி கேட்கக் கூடாது. தொழில்சார் மருத்துவரும் சொல்ல மாட்டார். "பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் உட்காரலாம்" என்பது போல, வேலைக்குத் தேவையானதை மட்டும்தான் சொல்வார். எங்கள் ஆபீசில் லீவ் லெட்டரைக் கடைநிலை ஊழியர் முதல் மேனேஜர் வரை எல்லோரும் படிப்போம். கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்குப் போன ஒரு அக்கா, திரும்பி வந்தபோது அந்த ஒரு காரணத்தாலேயே தலை நிமிராமல் நடந்தார்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் 12 மாதத்திற்குள் மொத்தம் ஆறு வாரத்திற்கு மேல் ஒருவர் நோய் விடுப்பில் இருந்தால், அது தொடர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிட்டு இருந்தாலும், மீள்சேர்க்கைப் பேச்சுக்கு முதலாளி அழைப்பு விடுத்தே ஆக வேண்டும். அதை ஏற்பதும் மறுப்பதும் ஊழியர் விருப்பம். நார்வேயில் நாலு வாரத்திற்குள் திட்டம், ஏழு வாரத்திற்குள் நேர்ச்சந்திப்பு, 26 வாரத்திற்குள் அரசு அலுவலகமும் சேர்ந்த இன்னொரு சந்திப்பு. பின்லாந்தில் 30, 60, 90 நாள் என்று மூன்று படிகள். எண்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஆனால் முதல் பெரிய படி எங்கும் நாலாம் வாரத்திற்கும் எட்டாம் வாரத்திற்கும் நடுவில்தான் விழுகிறது.

எல்லா நோய்க்கும் ஒரே காலண்டர் ஆகாது

இதுவரை சொன்னது பெரும்பாலும் எலும்பு, தசை வலிகளுக்கு. மனச்சோர்வில் விடுப்பெடுத்தவருக்குக் கணக்கு வேறு. தூக்கம் திரும்பும், அழுகை நிற்கும், பார்ப்பவர்கள் "நல்லா ஆயிட்டாரே" என்பார்கள். ஆனால் கவனமும் ஞாபகமும் முடிவெடுக்கும் வேகமும் பலருக்கு அதற்குப் பிறகும் நாள் எடுத்தே திரும்பும். முகத்தைப் பார்த்து முழு வேலையைக் கொடுத்தால் சறுக்குவார், சறுக்கியது அவருக்கு இன்னொரு அடியாக விழும். அவர் சோர்ந்துபோனதற்குக் காரணம் மேலதிகாரி என்றால், எந்த வாரத்தில் கூப்பிடுகிறோம் என்பதைவிட யார் கூப்பிடுகிறார்கள் என்பது பெரிய விஷயம். அந்த மேலதிகாரியே முதல் ஃபோனைப் போடக் கூடாது.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவருக்குக் களைப்பு மாதக் கணக்கில் நீளலாம். அவரிடம் ஆறாம் வாரத்தில் திட்டம் கேட்பது கொடுமை. ஆனால் தொடர்பை ஆறு வாரம் விட்டுவிடுவதும் கொடுமைதான். சிக்குன்குனியா வந்தவர்களைப் பற்றி நமக்கே தெரியும். காய்ச்சல் சில நாளில் போய்விடும், மூட்டுவலி சிலரை மாதக் கணக்கில் விடாது. காய்ச்சல் விட்ட தேதியை வைத்து அவர்களுக்கு ஃபிட்னஸ் எழுதிக் கொடுக்கிறோம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

இந்தியாவில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற, ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு. தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் சராசரி ஊதியத்தில் 70 சதவீதம், வருடத்திற்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களின் பட்டியல் ஒன்று தனியாக இருக்கிறது. அதில் வருபவர்களுக்கு, கூடுதல் நிபந்தனைகளோடு, 80 சதவீதம் இரண்டு வருடம் வரை கிடைக்கும். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். இது சின்ன விஷயம் இல்லை. இதை நம்பி அடுப்பெரிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் பாதி என்பதற்கு இடமில்லை. வேலை பார்த்த நாளுக்கு உதவித்தொகை கிடையாது. ஆகவே நாலு மணி நேரம் வேலை, மீதி நேரத்திற்கு உதவித்தொகை என்று நடுவழியில் போக முடியாது. ஜெர்மனியில் இன்னும் முழுசாகக் குணமாகாதவர் தினம் இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்டி வேலை பார்க்கும்போதே நோய்க்காலப் பணத்தைத் தொடர்ந்து பெறுகிறார். நார்வேயில் மருத்துவர் 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை எந்த அளவுக்கும் நோய் விடுப்பு எழுதலாம். நம் ஊரில் முழு நோயாளி அல்லது முழு ஆள். 91 நாள் பணம் முடிகிற வாரத்தில் பலர் குணமாகாமலே ஃபிட்னஸ் வாங்கிக்கொண்டு ஓடிவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்டிபிகேட்டின் வாசகமும் அப்படித்தான். இன்ன தேதியிலிருந்து பணிக்குத் தகுதியானவர் என்று ஒற்றை வரி. பிரிட்டனில் 2010இல் கொண்டுவந்த தாளில் "தகுதியில்லை" என்பதோடு, "இந்த மாற்றங்கள் இருந்தால் தகுதி இருக்கலாம்" என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அதன்கீழ் மருத்துவர் டிக் அடிக்க நாலு வழிகள்: படிப்படியாகத் திரும்புதல், வேலை நேரத்தில் மாற்றம், செய்யும் வேலைகளில் மாற்றம், வேலை செய்யும் இடத்தின் அமைப்பில் மாற்றம். அந்தத் தாள் இங்கே வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் மருத்துவரிடமே, "சார், என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க" என்று கேட்கலாம். பெரும்பாலான டாக்டர்கள் எழுதித் தருவார்கள். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் எழுதுவதில்லை.

லைட் டியூட்டி என்ற சொல் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. நடைமுறையில் அது கேட் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பதாக முடிகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னப்பா, சும்மா உட்கார்ந்திருக்கே" என்கிறார்கள். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. முடிவுத் தேதி இல்லாத லைட் டியூட்டி கொடுப்பது உதவியே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவருடைய சொந்த வேலையிலிருந்தே செய்யக்கூடிய பகுதிகளைப் பிரித்து, வாரம் வாரம் கூட்டிக்கொண்டு போவதுதான் உதவி.

அந்தச் சைடர் அண்ணனுக்கு என்ன செய்திருக்கலாம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் வாரமும் மூன்றாம் வாரமும் ஒரு ஃபோன். நாலாம் வாரம் தாண்டியும் வரவில்லையென்றால், அவர் சம்மதத்தோடு வீட்டுக்கே போய், எந்த அசைவில் வலி என்று கேட்பது. ஆறாம் வாரம் அவரை ஒரு மணி நேரம் டிபார்ட்மென்டுக்கு வரவழைத்து, மேஸ்திரியும் அவரும் மெஷின் பக்கத்தில் நின்று பார்ப்பது. குனிவதுதான் பிரச்சினை, நடப்பதில்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும். எட்டாம் வாரம் பகல் ஷிஃப்டில் மட்டும், வழக்கத்தில் பாதி சைடுகளோடு சேர்ப்பது. கனமான பெட்டி தள்ளுவது அந்த மாதம் வேறொருவர் பொறுப்பு. ராத்திரி ஷிஃப்ட் கடைசியில். அரைநாள் வேலைக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வராது என்பதால் நேரத்தைக் குறைக்காமல் பாரத்தைக் குறைத்திருக்கலாம், முழுச் சம்பளத்தோடு. மில்லுக்கு அதில் சில வாரம் கொஞ்சம் உற்பத்தி போயிருக்கும். புது ஆளைப் பிடித்துப் பழக்கியெடுக்க அதைவிட அதிகம் போனது.

சேர்ந்துவிட்டாரே என்று இந்த இடத்தில்தான் எல்லோரும் மறந்துவிடுவோம். முதல் இரண்டு மூன்று நாள் உற்சாகத்தில் ஓடும், பழைய கூட்டாளிகள் டீ வாங்கிக் கொடுப்பார்கள். வலி மறுபடி தலைகாட்டுவது இரண்டாம் வாரத்தில், அப்போது யாரும் கேட்பதில்லை, அவரும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. எங்கள் அண்ணன் போனது ஒன்பதாம் நாள். ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும் ஷிஃப்ட் முடிந்து கை கழுவுகிற இடத்தில் மேஸ்திரி பக்கத்தில் நின்று கேட்டிருக்கலாம். "நாளைக்கும் இதே ரெண்டு சைடு போதுமாங்கண்ணா, இல்ல மூணு பாக்கறீங்களா?"